மத்தியானக்காரர்களின் சயாமா

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது போய்ச் சொல்வார்கள், அவள் தன் தடித்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எங்க எழுதியிருக்கு, நீ பாத்தியா, இல்ல நெனச்சியா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தவர்கள் யாங்கூனின் போட்டாதாங் பகுதியில் அநேகம் பேர். நானும் ஒருத்தி.

பாத்தியா, நெனச்சியா. தேநீர்க்கடையில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து லபெயே குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து மேசையில் யாரோ, பாலத்தில் பஸ் கவிழ்ந்துவிட்டது, முப்பது பேர் போய்விட்டார்கள் என்று சொன்னால் அவள் திரும்பிக் கேட்பாள். சொன்னவன் நெளிவான். முப்பது பேர் பத்தாவார்கள், பத்துப் பேர் மூன்றாவார்கள், கடைசியில் பஸ்ஸே எழுந்து நின்று சாவகாசமாகத் தன் வழியே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் வாசலில் நின்று, "இன்னைக்கு ஆவியானவர் அசைவாடுனத நீங்களும் உணர்ந்தீங்க, எந்திரிச்சு நின்னீங்களே" என்று அவளிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "முட்டி மரத்துப்போச்சு ஐயா, அதனால நின்னேன்" என்றாள். போதகர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நின்றாள்.

எல்லோரும் எல்லாவற்றையும் தெரிந்தவர்கள்போலக் காதோடு காதாகப் பேசிய ஊர் அது. அந்த ஊரில் 'தெரியாது' என்ற சொல்லை உரக்க, வெட்கமில்லாமல், முழு வாயால் சொன்ன ஒரே மனுஷியை எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குத் தலை நிமிர்கிறது.

அவள் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷம் பிசியோதெரபி பார்த்துவிட்டு வந்தவள். சர்ச் வளாகத்தின் பின்புறம் தகரக்கூரை போட்ட ஒற்றை அறையில், வெளிநாடு போய்விட்ட ஒரு குடும்பம் விட்டுச்சென்ற அல்ட்ராசவுண்டு மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்குள் குழந்தையைக் காட்டும் மெஷின் அல்ல. காதுக்கு எட்டாத ஒலியைச் சதைக்குள் செலுத்தும் மெஷின். ரொட்டிப்பெட்டி அளவு. முகப்பில் ஒரு பச்சை விளக்கு, திருகிவிட்டால் டிக்டிக்கென்று திரும்பி வரும் நேரக்குமிழ், ஒரு வயர், வயரின் நுனியில் பவுடர் டப்பா மூடி அகலத்துக்கு ஓர் உலோகத் தலை. அந்தத் தலையை வலிக்கும் இடத்தில் ஜெல் தடவி வட்டம் வட்டமாக நகர்த்துவாள். கத்தி இல்லை, ஊசி இல்லை, தோலில் ஒரு கீறல் இல்லை. பர்மியர்கள் சயாமா என்று கூப்பிட்டார்கள். படிப்பு சொல்லித்தரும் பெண்ணுக்கும் வைத்தியம் பார்க்கும் பெண்ணுக்கும் அங்கே அதுதான் மரியாதைப் பெயர். தமிழர்களுக்கும் அதுவே வாயில் நின்றது.

அவளிடம் வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாள் ஏமாற்றம்தான். ஏனென்றால் உடம்பில் ஒன்றும் தெரியாது. சூடில்லை, சுரீரென்று இல்லை, வாசனைகூட இல்லை. வலிக்கு மருந்து என்றால் எரிய வேண்டும், மூக்கில் ஏற வேண்டும், கண்ணில் நீர் வர வேண்டும் என்று வளர்ந்த சனம் நாங்கள். தைலத்தைப் பூசி அதன்மேல் தனக்கா மரப்பட்டையையும் அரைத்து அப்பிக்கொண்டு வருவார்கள். அவள் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டுத்தான் தொடுவாள். இரண்டு தெரு தள்ளி இன்னொருவர் இதேமாதிரி மெஷின் வைத்திருந்தார். அவர் ஜெல்லில் புதினா எண்ணெய் கலப்பார், ஜில்லென்று இறங்கும், சனம் அள்ளும். நீங்களும் கலக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "எண்ணெய் வேலை செய்யுதா மெஷின் வேலை செய்யுதான்னு அப்புறம் நான் யார்ட்ட போய்க் கேக்க?" என்றாள்.

என் கதைக்கு வருகிறேன். என் கதை பெரிதில்லை, ஒரு மணிக்கட்டு. ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் நான். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், நான் அந்த மூட்டைகளின் பெயர்களை நான்கு நகலெடுத்து அடித்தேன். முன்னேற்றம் என்பது சுமை தோளிலிருந்து விரலுக்கு இறங்குவது. இரண்டாயிரத்து ஒன்று மழைக்காலம். வலக்கையின் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் விடிந்து எழும்போது என்னுடையவையாக இருக்காது. உதறுவேன். உதற உதற உள்ளே எறும்புப் புற்று கலைந்தமாதிரி ஒரு எரிச்சல் முழங்கைவரை ஓடும். நரம்பு மணிக்கட்டில் நெரிபடுகிறது என்றார் கை டாக்டர். மூன்று மாதம் மாத்திரை. பிறகு, "இரண்டு மாதம் பார்ப்போம், குறையவில்லை என்றால் வெட்டித் திறந்துவிடலாம்" என்றார், ஏதோ கடிதத்தைப் பிரிப்பதுபோல.

வெட்டினால் ஆறு வாரம் விடுப்பு. ஆறு வாரத்தில் என் நாற்காலியில் வேறொருத்தி. அது ஒரு பயம். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. நான் எழுதுகிறவள், யாங்கூனில் தமிழில் எழுதி, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்கு வாசித்துக் காட்டுகிறவள். அந்த விரல்களே போய்விட்டால் எதை விட்டு எண்ணுவது? சயாமாவிடம் போனேன்.

என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் பஞ்சால் வருடி, தெரியுதா, தெரியுதா என்று கேட்டாள். எனக்கென்று ஓர் அட்டை போட்டு எழுதினாள்.

"சரியாயிருமா சயாமா?"

"தெரியாது."

"மத்தவங்களுக்கெல்லாம்?"

"சில பேருக்கு ஆச்சு. சில பேருக்கு ஆகல. நீ எந்தப் பக்கம்னு இன்னும் நான் பாக்கல பிள்ள."

எனக்கு அழுகை வந்தது. இதைக் கேட்கவா தின்கன்ஜூனில் என் வீட்டிலிருந்து பஸ் பிடித்து மழையில் வந்தேன்? அவள் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்தாள், வீட்டில் கட்டிக்கொள்ள. வாரம் நான்கு நாள் வரச்சொன்னாள். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துத்தான் என்னால் வரமுடியும் என்றேன். அப்படித்தான் நான் மத்தியானக்காரியானேன்.

அங்கே இரண்டு கூட்டம். காலைக்காரர்கள், மத்தியானக்காரர்கள். அந்த மழைக்காலத்தில் எங்கள் பக்கத்துக்குக் காலையில் மட்டும்தான் மின்சாரம். மத்தியானம் போய்விடும், எப்போதாவது நினைத்துக்கொண்டு திரும்பி வந்தால் தெருவே "மீ லா ப்யீ" என்று கூவும், கரண்டு வந்துருச்சு என்று, கல்யாண ஊர்வலம் வந்தமாதிரி. மத்தியானத்துக்காக சபைக் கமிட்டி செயலாளர் ஒரு பழைய லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கி வைத்துக் கொடுத்திருந்தார். எழுபது வயது, கஞ்சி போட்ட சட்டை, எல்லோருக்கும் அங்கிள். கழுத்து நரம்பு பிடித்து அவரும் மத்தியானங்களில் வருவார். மின்விசிறி சுற்றும், பச்சை விளக்கு எரியும், குமிழ் டிக்டிக்கென்று திரும்பும். எங்களோடு கோ மியிண் இருந்தார், போட்டாதாங் கப்பல்துறையில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்ந்தவர், இடுப்பிலிருந்து குதிகால்வரை ஒரு நரம்பு அவரை இழுத்து நிறுத்தியிருந்தது. மா ஏ இருந்தாள். கியாக்தானிலிருந்து பஸ்ஸில் வருவாள், ஆற்று நடுவிலுள்ள பகோடாவுக்குப் படகேறும் துறையில், கெளுத்தி மீன்களுக்குப் போடும் பொரி உருண்டை விற்பவள். அக்கி வந்து ஆறிப்போன விலாவில் எரிச்சல் மட்டும் ஆறாமல் நின்றிருந்தது. சட்டைத்துணி பட்டாலே துடிப்பாள்.

இரண்டு வாரம் போனது, எட்டு முறை. எனக்குக் குறைந்தது. எறும்புகள் புற்றுக்குள் திரும்பிப் போய்விட்டன. மா ஏ முதன்முறையாக இறுக்கமான சட்டை போட்டு வந்தாள். அங்கிள் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் இந்த மெஷின் மூலமாகத் தன் கழுத்தைத் தொட்டதாகச் சாட்சியே சொல்லிவிட்டார். கோ மியிண் வாசற்படியில் ஒற்றைக்காலில் நின்று காட்டினார். நாங்கள் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாகிவிட்டோம், ஒரே படகில் கரையேறியவர்கள்போல.

அப்போதுதான் என் வாய் சும்மா இருக்கவில்லை.

காலைக்காரி ஒருத்தி பஸ்ஸில் சொல்லியிருந்தாள்: சயாமா தினமும் மெஷினைப் போட்டதும், அந்தத் தலையைக் கவிழ்க்காமல் மல்லாத்திப் பிடித்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவாள், தண்ணீர் நடுங்கும், சூடே இல்லாமல் கொதிக்கும், மெல்லிசாகப் புகைகூட விடும். காதுக்குக் கேட்காத ஒலி கண்ணுக்குத் தெரியும் ஒரே இடம் அதுதான். எழுதுகிறவளுக்கு இதைக் கேட்டபின் தூக்கம் வருமா? ஒன்பதாம் முறை போனபோது, "எனக்கு அந்தத் தண்ணிய ஒரு தடவ காட்டுங்க சயாமா" என்றேன்.

"காலையிலயே பாத்தாச்சே."

"நான் பாக்கலையே. நெனச்சுக்கிட்டுதான இருக்கேன்."

அவள் சொல்லை அவளிடமே திருப்பிக் கொடுத்த பெருமையில் நான் சிரித்தேன். அவளும் ஏதோ விளையாட்டுக்கு உடன்படுவதுபோல டம்ளரில் விரலை நனைத்து, தலையை மல்லாத்தி, ஒரு சொட்டு விட்டாள். விளக்கு பச்சையாக எரிந்தது. குமிழ் டிக்டிக்கென்றது.

சொட்டு அசையவில்லை.

உலோகத்தின்மேல் ஒரு கண்போல அது உட்கார்ந்திருந்தது. விசிறிக் காற்றில் ஓரத்தில் லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான். அவள் துடைத்துவிட்டு இன்னொரு சொட்டு விட்டாள். அளவைக் கூட்டினாள். மூன்றாவது சொட்டு. அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மின்சாரத்தில் போட்டுப் பார்த்தாள், தண்ணீர் துள்ளியது. மத்தியானம் இன்வெர்ட்டரில் போட்டாள், செத்துக் கிடந்தது. விளக்குக்கும் குமிழுக்கும் போதுமான கரண்டு, ஒலிக்குப் போதவில்லை என்றார் வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன். இன்வெர்ட்டர் வைத்த நாளிலிருந்து மத்தியானக்காரர் ஒருவருக்கும் ஒரு துளி ஒலி போகவில்லை. தினம் காலையில் சோதித்தவள், அதே மெஷின்தானே என்று மத்தியானம் சோதிக்கவில்லை. வாழ்நாளில் ஒரு தடவை அவள் பார்க்காமல் நினைத்துவிட்டாள்.

நான் போனபோது அங்கிளும் அவளும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதாவது அங்கிள் பேசிக்கொண்டிருந்தார்.

"அதே எலெக்ட்ரீஷியனக் கூப்பிட்டு வேற இன்வெர்ட்டர் வைப்போம். அத்தோட முடிஞ்சுது. இதச் சொல்லி என்ன ஆகப்போகுது? எல்லாரும் சொகமாத்தான இருக்காங்க."

"அதான் அங்கிள் சொல்லணும். சொகம்னு கார்டுல எழுதியிருக்கேன். மெஷினாலன்னு அவங்க நெனக்கிறாங்க."

"கர்த்தர் இன்வெர்ட்டர்லயும் வேலை செய்வார்மா."

"செய்வார். ஆனா கார்டுல நான் செஞ்சதத்தான எழுதணும்."

அவர் முகம் சிவந்தது. "நான் சபையில எந்திரிச்சு சாட்சி சொல்லியிருக்கேன். நாளைக்கு ஊர் சிரிக்கும். கமிட்டி இந்த ரூமப் பூட்டிப்போட்டா நீ என்ன செய்வ?"

"தெரியாது" என்றாள்.

அவர் போனபின் நான் அவள் அருகில் போனேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: நானும் கெஞ்சினேன். "எனக்குச் சொன்னது சொன்னதா இருக்கட்டும் சயாமா. மத்தவங்கட்ட வேண்டாம். மா ஏ இப்பத்தான் நல்ல சட்ட போடுது. டாக்டர்கிட்ட நான் கொறஞ்சிருச்சுன்னு சொல்லப்போறேன், வெட்ட மாட்டாங்க, அது போதும்."

"கொறஞ்சிருக்கா?"

"கொறஞ்சிருக்கு."

அட்டையை எடுத்து நான் பார்க்க எழுதினாள். எட்டு முறை. ஒலி செல்லவில்லை. வலி குறைந்துள்ளதாகச் சொல்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு மையை ஊதினாள்.

"எப்பிடிக் கொறஞ்சுச்சு அப்ப?"

"பட்டை கட்டுன. தினம் அரை மணி நேரம் கைய சும்மா வச்சிருந்த. ஒருத்தர் புடிச்சுப் பாத்தாங்க. எது எவ்வளவுன்னு தெரியாது பிள்ள. மெஷின் இல்ல, அது மட்டும் தெரியும்."

அடுத்த மத்தியானம் எங்களையெல்லாம் பெஞ்சில் உட்காரவைத்தாள். மெஷினை இன்வெர்ட்டரில் போட்டு, சொட்டு விட்டுக் காட்டினாள். பர்மியில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னாள். தப்பு என்னுடையது, மத்தியானத்தில் நான் பார்க்கவில்லை என்றாள். யாரையும், எதையும் துணைக்கு இழுக்கவில்லை. இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்தவர் அதே பெஞ்சின் கடைசியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

முதலில் வாய் திறந்தவர் கோ மியிண். "அப்ப என்னை நானே குணப்படுத்திக்கிட்டேனா? எனக்குத்தான் மாலை போடணும், சயாமாவுக்கு இல்லை" என்றார் பர்மியில். இரண்டு பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மா ஏ தன் விலாவை ஒரு கையால் பொத்தினாள். பொத்திய கையை எடுக்கவேயில்லை.

மறுநாள் விடிந்தபோது என் எறும்புகள் திரும்பி வந்திருந்தன.

எவ்வளவு கோபம் எனக்கு. பஸ்ஸில், அலுவலகத்தில், டைப்ரைட்டரின் ஒவ்வோர் எழுத்திலும் அவளைத் திட்டினேன். ஒரு பொய்கூட இல்லை, வெறும் மௌனம். அதைத் தந்திருந்தால் என் கை எனக்கே இருந்திருக்கும். உண்மை யாருக்கு வேண்டும், எனக்கு மூன்று விரல் வேண்டும். அப்படியே போய் அவள் முன்னால் கையை நீட்டிச் சொன்னேன். அவள் அதையும் எழுதினாள். சொன்ன மறுநாள் வலி திரும்பியது. பிறகு நிமிர்ந்து, "காலையில வா. ஆறு மணிக்குத் திறக்கிறேன். ஆபீசுக்கு முன்னாடி போயிரலாம்" என்றாள். ஐந்தரைக்கே வந்து ஆயத்தம் செய்து, முதலில் மத்தியானக்காரர்களை முடித்துவிட்டு, அதன்பிறகு காலைக்காரர்களைப் பார்த்தாள். எங்களுக்காகத்தான். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு சொட்டு. ஒவ்வொருவரும் குனிந்து பார்த்து, நடுங்குது என்று சொன்ன பிறகுதான் ஜெல். அங்கிளும் வந்தார், ஆறு மணிக்கு, கஞ்சி போட்ட சட்டையோடு. குனிந்து பார்த்தார். "நடுங்குதும்மா" என்றார் சின்னக் குரலில். அறை பூட்டப்படவில்லை.

மா ஏ வரவில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை சயாமா கியாக்தானுக்குப் பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன். கோபம் தீரவில்லை, ஆனால் என்ன நடக்கும் என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. படகுத்துறையில் மழை தூறிக்கொண்டிருந்தது. தண்ணீரில் கெளுத்திகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு வாயைத் திறந்துகொண்டிருந்தன. மா ஏ பழைய தொளதொளச் சட்டையில் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்து கும்பிட்டாள். ஆளுக்கு ஒரு பொரி உருண்டை தந்தாள். காலையில் வந்தால் மெஷின் சரியாக வேலை செய்கிறது, பார்த்துவிட்டே ஆரம்பிக்கலாம் என்று சயாமா சொன்னாள்.

"வேண்டாம் சயாமா. இனிமே அந்த மெஷினப் பாத்தா எரியும்" என்றாள் மா ஏ. பிறகு, மரியாதை குறையாமல், குரல் உயராமல், "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். நான் நல்லா இருந்தேன்" என்றாள்.

சயாமா தலையை ஆட்டினாள், சரி என்பதுபோல. பொரி உருண்டையைப் பிய்த்து மீன்களுக்குப் போட்டாள். திரும்பும் பஸ்ஸில் பாதி வழிவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்:

"அவ சொல்றது சரிதான்."

"அப்ப சொல்லாம இருந்திருக்கணுமா?"

"சொல்லணும்." ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "ரெண்டும் சரிதான்" என்றாள்.

அவள் கண்ணாடிக்குள் ஈரம் இருந்ததா என்று கேட்காதீர்கள். மழை பெய்தது, ஜன்னல் திறந்திருந்தது. நான் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் என் கோபம் விட்டது. எப்படி விட்டது என்று சொல்லத் தெரியவில்லை.

கை டாக்டரிடம் போகும் நாள் வந்தபோது ஒரு கடிதம் கொடுத்தனுப்பினாள். ஒட்டாத உறை. வழியில் பிரித்துப் படித்தேன். எட்டு முறை ஒலி செல்லவில்லை, என் கவனக்குறைவு, நோயாளிக்கு வலி குறைந்தது. விஷயம் தெரிந்ததும் வலி திரும்பியது. பின் ஒன்பது முறை ஒலி செலுத்தப்பட்டது, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்கப்பட்டது. கட்டைவிரல், நடுவிரல் இரண்டிலும் எரிச்சல் நின்றுள்ளது. முன்பு குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்துள்ளதாக நோயாளி சொல்கிறார். ஆள்காட்டிவிரல் நுனியில் உணர்ச்சி திரும்பவில்லை. இதில் மெஷினின் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். மேசையில் மற்ற கடிதங்கள் கிடந்தன, பூரண குணம், பூரண குணம் என்று எல்லாவற்றிலும் ஒரே வாசகம். அவர் கண்ணாடியைக் கழற்றி, "இந்த அம்மா யாரு?" என்றார். அவளோடு வேலை பார்த்திருக்கக்கூடிய வயது அவருக்கு, ஆனால் அவளைத் தெரியவில்லை. நான் சொன்னேன். என் முதுகு தானாக நிமிர்ந்ததை உணர்ந்தேன், பரிசு வாங்கும் பிள்ளையின் தாய்போல. என்னைவிட இருபது வயது மூத்தவளுக்கு நான் தாய். "இதை நம்பலாம்" என்றார் டாக்டர். வெட்டுவதை மூன்று மாதம் தள்ளிவைத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்.

இதை அந்தக் கையால்தான் எழுதுகிறேன். ஆள்காட்டிவிரல் நுனி இன்றைக்கும் மரத்தே இருக்கிறது. பேனாவை அது பிடிக்கிறது, பிடிப்பது அதற்குத் தெரியாது. என் அட்டையை வாங்கி வைத்திருக்கிறேன். மா ஏயின் அட்டையில் கடைசி வரியை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். வரவில்லை. காரணம் நான். அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

மெஷின் சில வருஷங்களில் ஓய்ந்தது. அவளும் ஓய்ந்து தின்கன்ஜூனில் மகள் வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள், என் தெருவுக்கு நாலு தெரு தள்ளி. இந்த வருஷம், இரண்டாயிரத்துப் பத்தில், சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்பினான். எங்கோ ஒரு நாட்டில் ஒலியைக் கூர்மையாகக் குவித்து நரம்பின்மேல் செலுத்தி, தோலைக் கீறாமலே நரம்புவலியை அடக்கப் பார்க்கிறார்களாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இணையக்கடையில் அச்சடித்து, மழையில் நனையாமல் இடுப்பில் சுற்றிய டமெய்ன் மடிப்புக்குள் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

"சயாமா, நம்ம மெஷின் பெரியாளாயிருச்சு" என்றேன்.

அவள் பூதக்கண்ணாடியை வைத்து, வரி வரியாக, உதடு அசையப் படித்தாள். ஆங்கிலம் அவளுக்கு மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம், மெதுவானது, பிசகாதது. தெருவில் மின்சாரம் வந்து சனம் கூவியது, அவள் நிமிரவில்லை. முதல் பக்கம் முடிந்தது. அவள் பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"இதுல மத்தியானக்காரங்க இருந்தாங்களா?"

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. பிறகு புரிந்தது. தாளை வாங்கி இரண்டாம் பக்கத்தில் தேடினேன். இருந்தது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மெஷினை வைத்து, விளக்கை எரியவிட்டு, ஒலியை மட்டும் செலுத்தாமல் விட்டிருக்கிறார்கள், வேண்டுமென்றே, எது மெஷினின் வேலை என்று தெரிந்துகொள்வதற்காக. யாருக்கு எது என்று வந்தவர்களுக்குத் தெரியாது. தகரக்கூரைக்குக் கீழே ஒரு தப்பால் நடந்ததை, உலகம் எங்கேயோ அறிந்தே செய்துகொண்டிருந்தது. அந்த மழைக்காலத்திலேயே அந்தத் தப்பின் விலை முழுவதையும் அறிந்துகொண்டவள் என் எதிரில் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாங்கூனுக்கு வெளியே ஒருவருக்கும் அவளைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

"இருந்தாங்க சயாமா" என்றேன். "அவங்கள்லயும் கொஞ்சப் பேருக்குக் கொறஞ்சிருக்காம்."

"கோ மியிண் மாதிரி" என்றாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

சிரிப்பு நின்றது. பூதக்கண்ணாடியை மடியில் வைத்தாள்.

"பின்னால அவங்ககிட்ட சொன்னாங்களா?"

தாளைத் திருப்பினேன். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், அடியில் பொடி எழுத்து. மரத்த விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டு போனேன். சொன்னார்களா இல்லையா என்று அதில் எழுதியிருக்கவில்லை.

அவள் காத்திருந்தாள்.